தமிழ்ப் புனைகதையில் தழுவல்

தமிழில் நாவல், சிறுகதை, உரைநடை நாடகம் ஆகியவை இன்றைய வடிவத்தைப் பெற்ற காலம் ஏறத்தாழ 1875 முதல் 1945 வரையிலான எழுபது ஆண்டுகள். அந்தக் காலத்தில் எழுதியவர்களில் பெரும்பாலோர் கதை எழுதக் கற்ற பள்ளிக்கூடம் தழுவல்தான். பிறமொழிக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, ஊரையும் பேரையும் மாற்றி, பழக்கவழக்கங்களைத் தமிழ்நாட்டுக்கு ஏற்றபடி அமைத்து எழுதுவதே தழுவல். மூலத்தை உள்ளபடி தர முயல்வது மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பில் ஆசிரியர் பெயர் இருக்கும். தழுவலில் பெரும்பாலும் இருக்காது. பிற்காலத்தில் எழுந்த சண்டைகள் எல்லாம் இந்த 'இருக்காது' என்பதைச் சுற்றியே நடந்தன.

தமிழ் மரபுக்குக் கடன் வாங்குவது புதிதும் அல்ல, இழுக்கும் அல்ல. தொல்காப்பியத்தின் மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, வழிநூலுக்குத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்கு வகை சொல்கிறது. நன்னூல் சார்புநூல் என்ற மூன்றாவது வகையையும் சேர்க்கிறது. அதைவிட முக்கியமானது, நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்கு வகுத்த இலக்கணம். பாயிரம் சொல்லவேண்டிய செய்திகளில் முதலாவது ஆக்கியோன் பெயர். இரண்டாவது 'வழி', அதாவது இந்த நூல் எதிலிருந்து வந்தது என்பது. கம்பரும் தம் பாயிரத்தில், இராமகாதையைத் தமக்கு முன் வடமொழியில் செய்தவர் மூவர் என்றும், அவர்களில் முந்தியவரின் வழியைத் தாம் பின்பற்றுவதாகவும் சொல்லிவிட்டே கதைக்குள் போகிறார். எடுத்தாளலாம், ஆனால் எங்கிருந்து என்று நூலின் வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் பழைய ஒழுங்கு. அச்சும் பத்திரிகையும் வந்த பிறகு இந்த ஒழுங்குக்கு என்ன ஆயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பாயிரம் இருந்த நூல்கள்

அச்சுக்கால உரைநடையின் தொடக்கத்திலேயே இரவல் கதைகள் உண்டு. சென்னைக் கல்விச் சங்கத்தைச் சேர்ந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழாக்கி 1826இல் வெளியிட்டார். இது வெளிப்படையான மொழிபெயர்ப்பு.

படைப்பிலக்கியத்தில் முதல் பெரிய உதாரணம் பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' (1891). ஆங்கில எழுத்தாளர் லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி' என்ற கதைப்பாட்டிலிருந்து கரு எடுக்கப்பட்டது. நூலின் முகவுரையிலேயே அதை அவர் சொல்லிவிடுகிறார். மூலத்தின் தலைப்பில் உள்ள இரகசிய வழி இங்கே சுந்தர முனிவர் அமைக்கும் சுருங்கை ஆகிறது. அரசும் மன்னனும் பாண்டிய நாட்டுக்கு வருகின்றனர். சூழ்ச்சிக்கார அமைச்சன் குடிலனுக்கு நாடகத்தில் விரிந்த இடம் கிடைக்கிறது. 'சிவகாமி சரிதம்' என்ற தனிக்கதை ஒன்று நடுவே வந்து சேர்கிறது. மூலத்தைச் சொன்னதால் சுந்தரம் பிள்ளையின் மதிப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. இன்று மனோன்மணீயம் என்றவுடன் எவருக்கும் லிட்டன் நினைவுக்கு வருவதில்லை, தமிழ்த்தாய் வாழ்த்துதான் வருகிறது.

பம்மல் சம்பந்த முதலியாரும் இந்த வகையினரே. 1891இல் தொடங்கப்பட்ட சுகுண விலாச சபையின் மேடைக்காக அவர் ஷேக்ஸ்பியரைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஹாம்லெட் அமலாதித்யன் ஆனான், மாக்பெத் மகபதி ஆனான், சிம்பலின் சிம்ஹளநாதன் ஆனான், வெனிஸ் வணிகன் வாணிபுர வணிகன் ஆனான். பெயரின் ஓசையை விடாமல் வடசொல்லாக்கும் இந்த வித்தையில் ஒரு நேர்மை இருக்கிறது. அமலாதித்யன் என்று கேட்டதுமே சபையில் இருந்த படித்தவர்களுக்கு ஹாம்லெட் தெரிந்துவிடும். தெரியவேண்டும் என்பதே நோக்கம்.

ஈழத்திலும் இதே காலத்தில் ஒரு தழுவல் வெளிவந்தது. திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' (1891), ஐரோப்பாவில் இடைக்காலம் முதல் வழங்கிய ஓர்சன், வாலன்டைன் என்னும் இரட்டைச் சகோதரர்களின் கதையைத் தழுவியது. அவர்களில் ஒருவனைக் காட்டில் கரடி வளர்க்கும். ஓர்சன் ஊசோன் ஆனதைக் கவனிக்கலாம்.

டோனோவன் தானவன் ஆனது

நாவலும் துப்பறியும் கதையும் வந்தபோது நிலைமை மாறியது. பண்டிதர் ச.ம. நடேச சாஸ்திரி தென்னிந்திய நாட்டார் கதைகளைத் திரட்டி ஆங்கிலத்திலும் தமிழிலும் வெளியிட்டவர். அவரே 1894இல் தானவன் என்னும் போலீஸ் நிபுணனை நாயகனாகக் கொண்ட கதைகளை எழுதினார். தமிழில் துப்பறியும் கதைக்கு இதையே தொடக்கமாகச் சொல்வது வழக்கம். இங்கிலாந்தில் அப்போது பெயர்பெற்றிருந்த துப்பறிவாளன் டிக் டோனோவன். டோனோவன் தானவன் ஆனான். தானவன் என்றால் வடமொழியில் அசுரன். குற்றவாளிகளைப் பிடிக்கும் காவல் அதிகாரிக்கு அசுரன் என்று பெயர் அமைந்ததைப் பற்றி அக்காலத்தில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஓசை பொருந்தினால் போதும்.

அடுத்து வந்தது ரெயினால்ட்ஸ் அலை. ஜி.டபிள்யூ.எம். ரெயினால்ட்ஸ் (1814–1879) லண்டனில் மலிவு விலை வாரப் பிரசுரங்களில் எழுதிக் குவித்தவர். பிரபுக்களின் மாளிகைகளில் நடக்கும் அக்கிரமங்களையும் நகரத்துச் சேரிகளின் இருட்டையும் மாறிமாறிக் காட்டுவது அவர் பாணி. இங்கிலாந்தில் இலக்கியவாதிகள் அவரை மதிக்கவில்லை. இந்தியாவில் ஆங்கிலம் படித்தவர்கள் அவரை விழுந்து விழுந்து படித்தார்கள். தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார் அவருடைய நாவல்களைப் பலவாகத் தழுவினார். 'இரத்தினபுரி இரகசியம்' போன்ற தலைப்புகள் பாகம் பாகமாக வெளிவந்தன. 1915இல் தொடங்கிய 'ஆனந்தபோதினி' மாத இதழோடும் அவருக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. தனித்தமிழ் இயக்கத்தின் தலைவராக அறியப்படும் மறைமலையடிகளின் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' (1911) கூட ரெயினால்ட்ஸின் நாவல் ஒன்றைத் தழுவியதுதான். மொழித்தூய்மையில் அவ்வளவு கண்டிப்பானவரும் கதைக்கு வெளியே கைநீட்டத் தயங்கவில்லை. சொல் வேறு, கதை வேறு என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது.

ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் ஆகியோர் இந்த அலையின் புகழ்பெற்ற பாத்திரங்கள். இவர்களை வெறும் நகல் என்று ஒதுக்கிவிட முடியாது. திகம்பர சாமியார் என்ற பெயரே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. லண்டன் துப்பறிவாளன் தடயத்தைப் பார்த்து ஊகிப்பான். நம் ஊர்க் கதையிலோ துப்பறிவதைவிட மாறுவேடமும் தற்செயலும் அதிகம் உழைக்கும். வாசகர்களுக்கு அது குறையாகப் படவில்லை. தெருக்கூத்திலும் புராணத்திலும் மாறுவேடத்துக்குப் பழகிய கண்கள் அவை. வடுவூராரின் 'மேனகா' 1935இல் திரைப்படமாயிற்று. திகம்பர சாமியாரை 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எம்.என். நம்பியாரைக் கொண்டு படமாக்கியது.

தொழில்நுட்ப அளவில் தழுவல் தமிழ்க் கதைக்குக் கொடுத்தவை சில உண்டு. கதையை 'முன்னொரு காலத்தில்' என்று தொடங்காமல் ஒரு நிகழ்ச்சியின் நடுவில் தொடங்கலாம் என்பது ஒன்று. வாசகரிடமிருந்து ஒரு செய்தியை மறைத்துவைத்துப் பிறகு அவிழ்க்கலாம் என்பது மற்றொன்று. இரண்டு கதைச் சரடுகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓட்டுவதும், அத்தியாயத்தை ஆபத்தான இடத்தில் நிறுத்துவதும் இப்படி வந்தவையே. பத்தாண்டுகள் கழித்து வாரப் பத்திரிகைத் தொடர்கதை இவற்றைத்தான் மூலதனமாகக் கொண்டது.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்றும் இருக்கிறது. பி.ஆர். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் மாதத் தொடராக வந்தது. எழுதத் தொடங்கும்போது அவருக்கு வயது இருபத்தொன்று. அதில் திடுக்கிடும் முடிச்சுகள் முக்கியமல்ல. மதுரை வட்டாரத்துக் கிராமத்தின் பேச்சு, வம்பு, ஆடுசாபட்டி அம்மையப்பப் பிள்ளை என்ற தமிழாசிரியரின் வெகுளித்தனம் ஆகியவையே கதையை நடத்துகின்றன. வெளியிலிருந்து கதை வாங்காமலே தமிழில் நாவல் எழுதலாம் என்பது அப்போதே நிரூபிக்கப்பட்டுவிட்டது. ஆனால் மாதாமாதம் பக்கம் நிரப்பவேண்டியவர்களுக்கு ராஜம் ஐயரைப் பின்பற்றுவதைவிட ரெயினால்ட்ஸைப் பின்பற்றுவது எளிது. பத்திரிகைத் தொடருக்குப் பாயிரமும் கிடையாது. 'வழி' சொல்வதற்கான இடம் அப்படியே காணாமற் போயிற்று.

குளத்தங்கரையும் படித்துறையும்

தமிழின் முதல் சிறுகதை எது என்ற கேள்விக்குப் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்த விடை வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்'. 1915இல் 'விவேகபோதினி'யில் வெளியாகி, 1917இல் 'மங்கையர்க்கரசியின் காதல்' தொகுதியில் சேர்ந்தது. செல்வக்கேசவராய முதலியார், பாரதியார், மாதவையா ஆகியோரை முன்னிறுத்தி இந்த விடையை மறுப்பவர்களும் உண்டு. அந்த வரிசைச் சண்டையைவிடச் சுவையானது இக்கதைக்கும் தாகூரின் 'காட்டேர் கதா' (1884) என்ற வங்கக் கதைக்கும் உள்ள உறவு. வங்கத்தில் 'காட்' என்றால் படித்துறை.

தாகூரின் கதையைச் சொல்வது கங்கைக்கரைப் படித்துறை. எட்டு வயதில் விதவையான குசும் என்ற பெண் அந்த ஊருக்குத் திரும்புகிறாள். அங்கு வந்து தங்கும் சந்நியாசியிடம் அவள் மனம் செல்கிறது. தன்னை மறந்துவிடும்படி சொல்லி அவர் போய்விடுகிறார். அவள் படியிறங்கி ஆற்றில் மறைகிறாள். கதை அவ்வளவே.

ஐயரின் கதையைச் சொல்வது குளத்தங்கரையில் நிற்கும் அரசமரம். ருக்மிணி சிறுவயதில் நாகராஜனுக்கு மணம் செய்துகொடுக்கப்பட்டவள். அவள் தந்தை அர்பத்நாட் வங்கி முறிந்ததில் பணத்தை இழக்கிறார். சென்னையில் 1906இல் உண்மையிலேயே முறிந்து பல குடும்பங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்த வங்கி அது. சம்பந்தி வீட்டார் ருக்மிணியை அழைத்துக்கொள்ளாமல் மகனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். நாகராஜன் கடைசி நிமிடத்தில் அந்தக் கல்யாணத்தை உதறிப் பெற்றோருக்குப் பாடம் புகட்டலாம் என்று திட்டமிட்டு, அதை ருக்மிணியிடம் சொல்லாமல் மறைக்கிறான். அந்த விளையாட்டு அவள் உயிரைக் குடித்துவிடுகிறது. அவள் குளத்தில் விழுகிறாள். அவன் துறவியாகிறான்.

உயிரற்றதோ பேசாததோ ஒன்று கதை சொல்லும் உத்தி, நீர்த்துறை, நீரில் மூழ்கும் பெண், துறவி ஆகியவை இரண்டிலும் பொது. இவை தற்செயலாக அமைந்தன என்று சொல்வது கடினம். ஆனால் ஐயர் செய்த மாற்றங்களை நிறுத்துப் பார்க்கவேண்டும். தாகூரிடம் துறவி காரணம், ஐயரிடம் துறவு விளைவு. தாகூரின் கதையில் யாரும் குற்றவாளியல்ல. ஐயரின் கதையில் வரதட்சிணைப் பேராசை குற்றவாளி, அதற்கும் மேல் நல்லவனான கணவனின் மௌனமும் குற்றவாளி. கெட்டவர்கள் செய்த கொடுமையைவிட நல்லவன் சொல்லாமல் விட்ட ஒரு சொல்லே அவளைக் கொல்கிறது. இந்த முள் தாகூரின் கதையில் இல்லை. வங்கி முறிவும் இல்லை.

உத்தியிலும் ஒரு வேறுபாடு உண்டு. படித்துறைக்குத் தன்மேல் மிதித்தவர்களை மட்டுமே தெரியும். தாகூர் அந்த எல்லையைப் பெரும்பாலும் மீறுவதில்லை. அதனால் அவர் கதை சிறியது, மங்கலானது. ஐயரின் அரசமரம் பல வீடுகளின் உள்விவகாரத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. குளிக்க வரும் பெண்களின் பேச்சைக் கேட்டு அறிந்ததாக அவர் ஏற்பாடு செய்கிறார். தமிழ்க் கிராமத்தில் குளத்தங்கரைதான் பெண்களின் செய்தி நிலையம் என்பதால் இது இயல்பாகவே பொருந்துகிறது. நாகராஜனின் திட்டமும் அவன் நண்பனோடு மரத்தடியில் பேசுவதால் மரத்துக்குத் தெரிகிறது, ருக்மிணிக்குத் தெரியாமல் போகிறது. கேட்ட மரத்துக்குச் சொல்ல வாயில்லை. இரவல் வாங்கிய உத்தி இந்த இடத்தில் ஐயருக்குச் சொந்தமாகிவிடுகிறது. எழுதப் பழகும் மாணவர்கள் இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் படித்தால், கதைசொல்லியின் பார்வை எல்லை என்பது என்ன என்று எந்த இலக்கணப் புத்தகமும் இல்லாமலே விளங்கும்.

புதுமைப்பித்தன் எழுப்பிய கேள்வி

1930களில் வாசகர் தொகை பெருகியது. எஸ்.எஸ். வாசனின் கைக்கு வந்த 'ஆனந்த விகடன்' வீடுகளுக்குள் நுழைந்தது. 1933இல் தொடங்கிய 'மணிக்கொடி' 1935 முதல் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கான இதழாயிற்று. கதை எழுதுவது ஒரு கலை, அதை எழுதுபவன் ஒரு கலைஞன் என்ற எண்ணம் மணிக்கொடி எழுத்தாளர்களுக்கு இருந்தது. அப்படியானால் இன்னொருவனுடைய கதையில் தன் பெயரைப் போட்டுக்கொள்வது என்ன என்ற கேள்வி எழாமல் இராது.

அதைக் கடுமையாக எழுப்பியவர் புதுமைப்பித்தன். மொழிபெயர்ப்பு வேண்டும், தழுவல் கூடாது என்பது அவர் நிலை. மூலம் சொல்லாத தழுவல்கள் என்று கல்கி உள்ளிட்டவர்களைச் சாடினார். எதிர்த்தரப்பினர் வேறுவிதமாக நினைத்தார்கள். வாசகர்களுக்குச் சுவையாகவும் அந்நியமாகத் தோன்றாமலும் கொடுப்பதே எழுத்தாளரின் கடமை, கம்பர் செய்ததும் அதுதானே என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

கம்பரைத் துணைக்கழைத்தது அவ்வளவு பொருந்தாது. கம்பருடைய வாசகருக்கு வான்மீகி உண்டு என்று தெரியும். புதுமைப்பித்தனே 'அகல்யை', 'சாப விமோசனம்' (1943) ஆகிய கதைகளில் இராமாயணத்தை எடுத்தாண்டார். அங்கே மூலத்தை வாசகர் அறிந்திருப்பதால்தான் கதை வேலை செய்கிறது. சாபம் நீங்கிய அகலிகை மறுபடி கல்லாவதன் அதிர்ச்சி, பழைய கதை தெரிந்தவருக்கே கிடைக்கும். இரகசியத் தழுவல் இதற்கு நேரெதிர். வாசகரின் அறியாமை இருந்தால்தான் அது நிற்கும். மூலம் தெரிந்தவுடன் ஒன்று வளர்கிறது, மற்றொன்று சுருங்குகிறது. தழுவலை எடைபோட இதைவிட நல்ல படிக்கல் இல்லை என்றே தோன்றுகிறது. இந்தப் படிக்கல்லில் 'குளத்தங்கரை அரசமரம்' பெரிதாகச் சுருங்குவதில்லை.

இந்த விவகாரத்தில் ஒரு முரண் உண்டு. புதுமைப்பித்தனின் தொடக்கக்காலக் கதைகளில் சில பிரெஞ்சு எழுத்தாளர் மொப்பஸானின் தழுவல்கள். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய தொ.மு.சி. ரகுநாதனே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். 1948இல் புதுமைப்பித்தன் மறைந்த பிறகு, பழைய பத்திரிகைகளில் கிடந்தவற்றைத் திரட்டித் தொகுத்தபோது இத்தகைய கதைகளும் அவருடைய சொந்தக் கதைகளோடு கலந்தன. பிற்காலத்தில் இதை வைத்து அவரைத் தாக்கியவர்களும் உண்டு, அவர் தம் தொகுதிகளில் சேர்க்காமல் விட்டவற்றுக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டாவது கேள்வியில் நியாயம் அதிகம். பத்திரிகைக்காக அவசரத்தில் எழுதிய இளைஞனும் 'செல்லம்மாள்', 'கயிற்றரவு' எழுதியவரும் ஒரே ஆள்தான். ஆனால் எதைத் தன் எழுத்து என்று நிற்கவைப்பது என்ற தேர்வை அவர் செய்திருந்தார்.

அவர் தழுவலுக்கு எதிராகப் பேசியதோடு நிற்கவில்லை. பல நாட்டுச் சிறுகதைகளை ஆசிரியர் பெயரோடு மொழிபெயர்த்தார். மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' அவர் கையால் 'பிரேத மனிதன்' ஆயிற்று. 1940களில் வேறு பலரும் இந்த வேலையில் இறங்கினார்கள். கா.ஸ்ரீ.ஸ்ரீ. மராத்தியிலிருந்து காண்டேகரைக் கொண்டுவந்தார், தமிழ்நாட்டு வீடுகளில் காண்டேகர் உள்ளூர் எழுத்தாளர் போலவே ஆனார். த.நா. குமாரஸ்வாமி வங்கத்திலிருந்து கொண்டுவந்தார். க.நா. சுப்ரமண்யம் செல்மா லாகர்லெவின் நாவலை 'மதகுரு' என்றும், நட் ஹாம்சனின் நாவலை 'நிலவளம்' என்றும் தந்தார். மூலங்கள் தமிழிலேயே கிடைக்கத் தொடங்கியதும் மறைத்து எழுதுவது ஆபத்தாயிற்று. கண்டனக் கட்டுரைகளைவிட இந்த மொழிபெயர்ப்புகளே தழுவலைக் குறைத்தன என்று சொல்லலாம்.

துப்பறியும் கதையில் மாற்றம் வேறு வழியில் வந்தது. 1940களில் தேவன் ஆனந்த விகடனில் 'துப்பறியும் சாம்பு'வை எழுதினார். சாம்பு வங்கிக் குமாஸ்தாவாக இருந்து வேலை இழந்த அசடு. அவன் எதையும் ஊகிப்பதில்லை. தடுக்கி விழுவான், விழுந்த இடத்தில் திருடன் இருப்பான், ஊர் அவனை மேதை என்று கொண்டாடும். தானவன் வந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. தற்செயலால் குற்றவாளி அகப்படுவதை அரை நூற்றாண்டாகப் படித்துப் பழகிய தமிழ் வாசகர்கள், அதையே தேவன் கேலியாக்கியபோது எங்கே சிரிக்கவேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தார்கள்.